பன்னிரண்டு புள்ளி பத்து அடி: ஆத்தங்குடிக் கல் கணக்குக்கு வகைகள் எழுதிய பதிவு

கொத்தனார் கொடுக்கும் அளவுச் சீட்டில் "16 × 12.10" என்று இருக்கும். பதினாறு அடி நீளம், பன்னிரண்டு அடி பத்து அங்குல அகலம். காரைக்குடி வட்டாரத்தில் கட்டட வேலை தெரிந்தவர் எவரும் அதை அப்படித்தான் படிப்பார். கணினியின் அட்டவணை அப்படிப் படிக்காது. கடைசிப் பூச்சியத்தை உதறிவிட்டு 12.1 என்று வைத்துக்கொள்ளும். அது 12 அடி 1.2 அங்குலம். ஏறக்குறைய ஒன்பது அங்குலம் அந்த இடத்திலேயே காணாமல் போகிறது. எட்டு அங்குலக் கல் பதிக்கிற தரையில் அது ஒரு முழு வரிசை. பதினாறு அடி நீளத்துக்கு 24 கல்.

குறைகிற 24 கல்லைப் பிறகு செய்துகொள்ளலாமே என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். செட்டிநாட்டு ஆத்தங்குடியின் தரை ஓடான ஆத்தங்குடிக் கல்லில் அது எளிதல்ல. ஒவ்வொரு கல்லும் கையால் வார்க்கப்படுவது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு உலர்ந்த மணலும் சிமென்ட்டும் கலந்த பொடியைத் தூவி, அதன் மேல் சாந்தை நிரப்பி மட்டம் தட்டுவார்கள். பிறகு காய வைத்து, தண்ணீரில் ஊற வைத்து எடுப்பார்கள். சூளையில் சுடுவது கிடையாது. கல்லின் முகத்தில் தெரிகிற பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. வண்ணக் கலவை ஒரு முறை கலந்தது போல மறுமுறை அச்சு அசலாக அமைவதில்லை. முதல் தவணைக் கல்லோடு பின்னால் வந்த 24 கல்லைச் சேர்த்துப் பதித்தால், சிவப்புக்கும் சிவப்புக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டுக்காரர் காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றிய பத்தியில் (தாழ்வாரத்தில்) நூறு வருடம் கிடக்கப்போகிற தரைக்கு இது சிறிய குறை அல்ல.

எனக்குப் பழக்கமான ஒரு பட்டறையில் கணக்கு முழுவதும் ஓர் அட்டவணைக் கோப்பில் இருந்தது. அந்தக் கோப்பில் அடி, அங்குலம், கல் எண்ணிக்கை, சதுர அடி, ரூபாய் எல்லாம் வெறும் எண்கள். ஒரு முறை 400 சதுர அடித் தாழ்வாரத்துக்கான ஆர்டர் 400 கல் என்று பதிவாகியிருந்தது. எட்டு அங்குலக் கல் 64 சதுர அங்குலம். சதுர அடி 144 சதுர அங்குலம். ஆகவே சதுர அடிக்கு 2.25 கல். தேவைப்பட்டது 900 கல். பதிவு செய்த கணக்குப்பிள்ளை ஐயா ஐம்பது ஆண்டு எண்களோடு வாழ்ந்தவர். "சீட்டில் 400 என்று இருந்தது தம்பி, நானும் 400 என்றே போட்டேன். எதன் 400 என்று கேட்க அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லையே" என்றார். குறையை இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது. எதன் 400 என்று கேட்கத் தெரிந்த ஒன்றை எழுத வேண்டும் என்பதே வேலையாக அமைந்தது.

ரஸ்ட் என்ற நிரல் மொழியைத் தேர்ந்தெடுத்தேன். எனக்குத் தெரிந்த மொழி என்பது முதல் காரணம். ஒரு மதிப்பு அடியா, கல்லா, ரூபாயா என்று மொழிக்குச் சொல்லும் சொந்த வகைகளை (type) உருவாக்கினால் நிரல் ஓடும்போது அதில் கூடுதல் செலவு இல்லை என்பது இரண்டாவது. மூன்றாவது காரணம் ஒன்று உண்டு: 2021 ஜூனில் வந்த 1.53 பதிப்பிலிருந்து ரஸ்ட்டில் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதலாம். மொழியின் சொந்தச் சொற்கள் ஆங்கிலமாகவே இருக்கும். வகை, மாறி, செயற்கூறு (function) ஆகியவற்றின் பெயர்கள் தமிழில் இருக்கலாம். இந்தப் பதிவில் நீளம், கல்_எண்ணிக்கை, கட்டம் என்று வரும் பெயர்கள் எல்லாம் நிரலில் அப்படியே இருப்பவை. பட்டறை அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து நிரலைக் காட்டியபோது, வகைகளின் பெயர்களை அவர் படித்து, "மூலைக்கல்லைக் காணோமே" என்று கேட்டார். மூலைக்கல் என் முதல் வரைவில் இல்லை; அவர் கேட்டதால்தான் வந்தது.

நீளம்

முதலில் எழுதிய வகை நீளம். அதற்குள் என்ன வைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. அடியில் தசம எண்ணாக வைத்தால் 12.10 சிக்கல் உள்ளே வந்துவிடும். தசம எண்களுக்கு வேறு நோய்களும் உண்டு: கணினியின் இரும எண் முறையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 கிடைக்கும். தரையளவில் இது பெரிய சேதம் செய்யாது என்றாலும், "சரியாக 24 கல்" என்று வர வேண்டிய வகுத்தல் 24.000000001 என்று வந்து, மேல்நோக்கி முழுமையாக்கும்போது 25 ஆகிவிடும். ஒரு வரிசை கூடுதல்.

விடை பட்டறையிலேயே இருந்தது. தச்சர்களும் கொத்தனார்களும் அங்குலத்துக்குக் கீழே நூல் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். எட்டு நூல் ஓர் அங்குலம். அடிக்கு 96 நூல். இந்தத் தொழிலில் நூலுக்குக் கீழே யாரும் அளப்பதில்லை. ஆகவே நீளம் என்ற வகைக்குள் ஒரே ஒரு முழு எண், நூல் கணக்கில். 16 அடி 1,536 நூல். 12 அடி 10 அங்குலம் 1,232 நூல். எட்டு அங்குலக் கல்லின் பக்கம் 64 நூல். இனி எல்லாம் முழு எண் வகுத்தல்தான். 1,536-ஐ 64-ஆல் வகுத்தால் மீதியின்றி 24. 1,232-ஐ 64-ஆல் வகுத்தால் 19 போக மீதி 16 நூல்; ஆகவே 20 வரிசை.

வெளியிலிருந்து நீளத்தை உருவாக்க இரண்டு எண்கள் தர வேண்டும்: அடி, அங்குலம். அங்குலம் 0 முதல் 11 வரைதான் இருக்கலாம். 12 என்று வந்தால் ஓர் அடி என்று தானாகத் திருத்திக்கொள்ளச் செய்யலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன். 12 அங்குலம் என்று ஒருவர் எழுதுகிறார் என்றால் அவர் வேறு எதையோ எழுத நினைத்திருக்கிறார். நிரல் அவரைக் கேட்க வேண்டும். எழுத்தாக வரும் அளவில் புள்ளி இருந்தால் அதையும் ஏற்பதில்லை. "புள்ளி வைத்து எழுத வேண்டாம். அடியைத் தனியாகவும் அங்குலத்தைத் தனியாகவும் எழுதவும்" என்று திரையில் வரும். 12.6 என்பதற்குப் பன்னிரண்டடி ஆறங்குலம் என்றும் பொருள் கொள்ளலாம், பன்னிரண்டடி ஏழு அங்குலத்துக்குச் சற்று மேல் என்றும் பொருள் கொள்ளலாம். இரண்டில் எது என்று நிரல் ஊகிப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன்.

ஒரே வாசல்

மதிப்புக்கு வரம்பு கட்டிய வகை என்ற இந்த யோசனை புதியதல்ல. நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியிலேயே "1 முதல் 12 வரை" என்று வரம்பு கட்டிய வகைகளை எழுத முடிந்தது. 1983-இல் தரப்படுத்தப்பட்ட அடா மொழி அதை இன்னும் விரித்தது. தனித்தனியாக அறிவித்த இரண்டு வகைகள் உள்ளே முழு எண்களாகவே இருந்தாலும், ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்க அடா விடாது. ரஸ்ட்டில் வரம்பை மொழியே கட்டித் தருவதில்லை. நாமே கட்டிக்கொள்ள வேண்டும். முறை இதுதான்: ஒரே ஒரு புலம் உள்ள ஸ்ட்ரக்ட் (மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் வகை), அந்தப் புலம் வெளியே தெரியாமல் மூடப்பட்டது, மதிப்பை உருவாக்க ஒரே ஒரு செயற்கூறு. அந்தச் செயற்கூறு சோதித்துப் பார்த்து, சரி என்றால் வகையைத் தரும், இல்லையென்றால் பிழையைத் தரும்.

செட்டிநாட்டு வீட்டில் முகப்பில் வைத்து யார், எந்த ஊர், என்ன செய்தி என்று விசாரித்து உள்ளே அழைத்துவிட்டால், வளவிலும் இரண்டாங்கட்டிலும் மறுபடி யாரும் விசாரிப்பதில்லை. நிரலும் அப்படித்தான். நீளம் என்ற வகை கையில் இருக்கிறது என்றால், அது சோதிக்கப்பட்டு வந்தது என்பதற்கு அந்த வகையே சான்று. கணக்குப் போடும் இருபது செயற்கூறுகளில் ஒன்றில்கூட "அங்குலம் 11-க்குள் இருக்கிறதா" என்ற கேள்வி இல்லை. முந்தைய கோப்பில் இந்தச் சோதனை ஏழெட்டுச் சூத்திரங்களில் சிதறிக் கிடந்தது; ஒன்பதாவதில் விட்டுப்போயிருந்தது.

பிழையைத் தருவது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், கிளம்பிய சுமார் 40 விநாடியில் பாதை விலகி அழிந்தது. ஏரியான் 4-க்காக எழுதி அப்படியே எடுத்துவந்த நிரலில், 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் மதிப்பு அடங்கவில்லை. அந்த நிரல் அடாவில் எழுதப்பட்டது. வரம்பு மீறப்பட்டதை நிரல் கண்டுகொண்டது, அபாயக் குரலும் எழுப்பியது. அந்தக் குரலைக் கேட்டு எதையாவது செய்ய அந்த இடத்தில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. வரம்பு இருப்பது பாதி வேலை. மீறினால் யார் பொறுப்பு என்று எழுதியிருப்பது மறு பாதி. ரஸ்ட்டில் உருவாக்கும் செயற்கூறு "சரி" அல்லது "பிழை" என்ற இரண்டில் ஒன்றைத் திருப்பித் தரும்படி அமைத்தால், அழைப்பவர் இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் உள்ளே இருக்கும் மதிப்பைத் தொட முடியாது. பிழை வந்தால் நிரலை அங்கேயே நிறுத்திவிடு என்று எழுதவும் மொழி இடம் தருகிறது. அந்த வசதியை இந்த நிரலில் எங்கும் பயன்படுத்தவில்லை.

பின்வாசல்கள்

ஒரே வாசல் என்று சொல்லிவிட்டால் போதாது. மற்ற வாசல்கள் மூடியிருக்கின்றனவா என்று சுற்றிவந்து பார்க்க வேண்டும். ரஸ்ட்டில் நான்கு இடங்களைப் பார்த்து அடைத்தேன்.

மூடிய புலம் என்பது மாட்யூல் (நிரலின் தனிப் பகுதி) அளவில்தான் மூடியது. அதே மாட்யூலுக்குள் இருக்கும் எந்தச் செயற்கூறும் சோதனை இல்லாமல் நீளத்தை உருவாக்கிவிடலாம். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் தனி மாட்யூல், தனிக் கோப்பு. அதில் அந்த வகையும் அதன் உருவாக்கும் செயற்கூறும் தவிர வேறு எதுவும் இல்லை. கோப்புகள் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம். கண்ணுக்கு அழகாக இல்லை என்று சிலர் சொல்வார்கள். வேலை இதைத்தான் கேட்கிறது.

அடுத்தது இயல்பு மதிப்பு. வகையின் தலையில் ஒரு சொல்லைச் சேர்த்தால், "எதுவும் தராவிட்டால் இதை வைத்துக்கொள்" என்ற மதிப்பை ரஸ்ட் தானே எழுதிக்கொள்ளும். முழு எண்ணுக்கு அது பூச்சியம். பூச்சியம் கூடாது என்று கட்டிய வகைக்குப் பூச்சியத்தை இயல்பு மதிப்பாகத் தருவது சோதனை முழுவதையும் வீணாக்கும். கல்_எண்ணிக்கைக்கு இயல்பு மதிப்பே கிடையாது.

மூன்றாவது எளிதில் கண்ணுக்குப் படாதது. ஜேசான் (JSON) என்ற எழுத்து வடிவத் தரவுக் கோப்பிலிருந்து தரவை எடுத்து வகைகளில் நிரப்ப ரஸ்ட் உலகில் பெரும்பாலோர் பயன்படுத்துவது செர்டி என்ற நூலகம். ஒரு வரி எழுதினால் படிக்கும் நிரலை அதுவே எழுதிக்கொடுக்கும். அப்படி எழுதப்படும் நிரல் வகை இருக்கிற மாட்யூலுக்குள்ளேயே விழுகிறது. ஆகவே மூடிய புலம் அதற்குத் திறந்தே இருக்கிறது. உருவாக்கும் செயற்கூறைக் கேட்காமலேயே அது மதிப்பை உள்ளே வைத்துவிடும். நிரலைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. இதற்கு மருந்து செர்டியிலேயே உண்டு: முதலில் சாதாரண எண்ணாகப் படி, பிறகு சோதிக்கும் செயற்கூறின் வழியாக மாற்று என்று வகையின் தலையில் குறித்துவிடலாம். வரம்புள்ள வகை ஒவ்வொன்றிலும் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதை வெளியீட்டுக்கு முந்தைய வேலையாக வைத்திருக்கிறேன்.

நான்காவது, உள்ளே இருக்கும் எண்ணை மாற்றும்படி வெளியே கொடுப்பது. படிக்கக் கொடுக்கலாம், மாற்றக் கொடுக்கக் கூடாது. கூட்டல் கழித்தலும் இதில் சேரும். பூச்சியத்துக்கு மேற்பட்ட இரண்டு எண்ணிக்கைகளைக் கூட்டினால் விடையும் பூச்சியத்துக்கு மேல்தான். எண் கொள்ளளவைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கழித்தலுக்கு அந்த உறுதி இல்லை. ஆகவே கல்_எண்ணிக்கைக்குக் கழித்தல் குறி கிடையாது. கழிக்க வேண்டும் என்றால் "மிச்சம் உண்டு" அல்லது "இல்லை" என்று விடை தரும் செயற்கூறை அழைக்க வேண்டும்.

கட்டம்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இங்கேதான் ஒரு தனி எண்ணின் வரம்பைத் தாண்டி, பல எண்களுக்கு இடையிலான வரம்பு வந்தது.

ஆத்தங்குடித் தரையில் ஓரம் சுற்றி பார்டர் கல் ஒரு வரிசை வரும். நான்கு மூலைக்கும் தனி மூலைக்கல். நடுவில் பூக்கல். பூக்கல் பலவற்றில் ஒரு கல்லில் பூவின் கால் பகுதிதான் இருக்கும். நான்கு கல் சேர்ந்தால் ஒரு பூ. அந்தச் சீட்டில் இருந்த கூடத்தை எடுத்துக்கொண்டால், எட்டு அங்குலக் கல்லில் 24 × 20 கட்டம். மொத்தம் 480 கல். ஓரம் போக உள்ளே 22 × 18, அதாவது 396 பூக்கல். பார்டர் 80, மூலை 4. மூன்றையும் கூட்டினால் 480. உள்ளே இரு பக்கமும் இரட்டை எண்கள், ஆகவே முழுதாக 99 பூ.

இப்போது பழைய அட்டவணை 12.1 அடி என்று படித்துப் போட்டிருக்கும் கணக்கைப் பாருங்கள். 24 × 19, மொத்தம் 456. உள்ளே 22 × 17. ஒரு பக்கம் ஒற்றை எண் ஆகிவிட்டதால் ஒரு வரிசைப் பூ முழுவதும் பாதியாக வெட்டுப்பட்டு நிற்கிறது. உடைவுக்கும் சேதத்துக்கும் என்று பட்டறையில் நூற்றுக்கு ஐந்து கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம். 456-க்கு 22.8, அதை 23 ஆக்கினால் மொத்தம் 479. வேண்டியது 480. ஒரு கல்கூட உடையாவிட்டாலும் கடைசி மூலையில் ஒரு கல் பற்றாது. சேதத்துக்கு வைத்த கல் முழுவதையும் அளவுப் பிழை விழுங்கிவிட்டது. வண்டியில் கல் போய் இறங்கி, பதித்து முடிக்கும் நாள் வரை யாருக்கும் தெரியாமல் இருந்ததற்கும் இதுதான் காரணம்.

கட்டம் என்ற வகைக்குள் வரிசை எண்ணிக்கையும் நெடுவரிசை எண்ணிக்கையும் இருக்கின்றன. பார்டருடன் கூடிய கட்டம் என்றால் இரண்டும் குறைந்தது 2. இந்த வரம்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது சுவையானது. எட்டு அங்குல அகலத்தில் ஒரே வரிசையாகப் போகிற வாசற்படி ஓரத்துக்கு யாராவது பார்டர் கேட்டால், உள் அகலம் 1 கழித்தல் 2. குறியில்லாத 32 பிட் முழு எண்ணில் −1 என்ற மதிப்பு கிடையாது. சோதனைக்காக ஓட்டும்போது ரஸ்ட் நிரலை நிறுத்திவிடும். வெளியீட்டுக்குக் கட்டிய நிரலில், இயல்பான அமைப்பில், விடை 4,29,49,67,295 என்று சுழன்று நிற்கும். அத்தனை கல்லுக்கு ரசீது போட்டால் உடனே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அதன் மேல் வேறு பெருக்கலும் கழித்தலும் நடந்து, பார்வைக்கு நியாயமான ஓர் எண்ணாக மாறி வெளிவந்தால் யார் கண்டுபிடிப்பது?

இரண்டு வரிசை உள்ள குறுகிய பத்தி இன்னொரு பாடம் சொன்னது. அங்கே ஓரத்துக்கு இரண்டு வரிசையும் போய்விடுகின்றன. உள்ளே பூக்கல் பூச்சியம். அது பிழையல்ல, சரியான விடை. கல்_எண்ணிக்கையோ பூச்சியத்தை ஏற்பதில்லை. வரம்பைத் தளர்த்திப் பூச்சியத்தை அனுமதிக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் பூச்சியம் கல்லுக்கு ரசீது, பூச்சியம் கல்லுக்கு வண்டி எல்லாம் மறுபடி உள்ளே வந்துவிடும். ஆகவே பூக்கல் என்ற இடத்தில் "கல்_எண்ணிக்கை உண்டு" அல்லது "இல்லை" என்ற இரு நிலை. இதற்கு நினைவகச் செலவும் இல்லை. பூச்சியம் வரவே வராது என்று உறுதி தரும் முழு எண் வகை ரஸ்ட்டில் இருக்கிறது. அதை உள்ளே வைத்தால், காலியாக இருக்கும் பூச்சியத்தின் இடத்தையே "இல்லை" என்பதற்குக் கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. இரு நிலை வகையும் அதே நான்கு பைட்தான்.

பூ முழுதாக அமையுமா என்பதைத் தனி வகையாக்கினேன்: முழுப்பூ_விரிப்பு. உள் கட்டத்தின் இரு பக்கமும் இரட்டை எண்களாக இருந்தால் மட்டுமே அது பிறக்கும். அதே கூடத்துக்குப் பன்னிரண்டு அங்குலக் கல் கேட்டால் 16 × 13. உள்ளே 14 × 11. ஏழு பூ பாதியில் நிற்கும். அப்போது நிரல் ஆர்டரை மறுப்பதில்லை. வெட்டுப்பூ_விரிப்பு என்ற வேறு வகையைத் தருகிறது. அதை உறுதி செய்ய வீட்டுக்காரரின் ஒப்புதல் குறிப்பைச் சேர்த்துத் தர வேண்டும். பத்து அங்குலக் கல் என்றால் 20 × 16, உள்ளே 18 × 14, பூ முழுமை என்று பக்கத்தில் காட்டுகிறது. அண்ணன் இதைத்தான் வாய்வழியாக வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறார். அவர் பட்டறையில் இல்லாத நாளிலும் அது சொல்லப்பட வேண்டும்.

எட்டு, பத்து, பன்னிரண்டு

கல்லின் அளவை எண்ணாக வைக்கவே இல்லை. பட்டறையில் இருக்கும் சட்டங்கள் எட்டு, பத்து, பன்னிரண்டு அங்குலத்துக்குத்தான். ஒன்பது அங்குலக் கல் என்று ஒன்று இல்லாதபோது ஒன்பதை எழுத இடம் தரக் கூடாது. இன்னின்னவை மட்டும் என்று பெயர் சொல்லி எழுதும் வகையில் மூன்று பெயர்கள், முடிந்தது. நாளை புதிய சட்டம் வந்து நான்காவது பெயரைச் சேர்த்தால், அளவைப் பிரித்துப் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் "இதற்கு என்ன செய்வது என்று எழுதவில்லையே" என்று கம்பைலர் நிறுத்திக் கேட்கும்.

இந்த முறையை நம் பக்கத்தில் இன்னும் பல இடங்களில் பயன்படுத்தலாம். நகரத்தாருக்கு நகரக் கோயில்கள் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. பொதுவாக ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். இரணியூரும் பிள்ளையார்பட்டியும் தங்களுக்குள் பெண் எடுப்பதில்லை. வரன் பதிவு நிரல்களில் கோயில் பெயரைத் தட்டச்சு செய்ய ஒரு வெற்றுக் கட்டம் வைக்கிறார்கள். "இளையாற்றங்குடி", "இளையாத்தங்குடி" என்று இரண்டு விதமாக எழுதப்பட்டால் அந்த நிரலுக்கு அவை இரண்டு கோயில்கள். பங்காளிகளுக்குள் பொருத்தம் பார்த்துக் கொடுத்துவிடும். ஒன்பது பெயர்கள் மட்டும் உள்ள வகை அங்கே கட்டாயம் வேண்டும்.

கல் அளவை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய்ப் பார்த்தேன். 2021 மார்ச்சில் வந்த 1.51 பதிப்பிலிருந்து ரஸ்ட்டில் எண்ணையே வகையின் பகுதியாக எழுதலாம். எட்டு அங்குலப் பூக்கல்லோடு பத்து அங்குலப் பார்டரைச் சேர்த்தால் நிரல் கம்பைல் ஆகவே கூடாது என்பது நோக்கம். நடந்தது. ஆனால் அளவு என்பது படிவத்தில் ஒருவர் தேர்ந்தெடுப்பது. நிரல் ஓடும்போதுதான் தெரியும். ஆகவே எல்லா இடத்திலும் எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்று மூன்று கிளைகள் முளைத்தன. ஆர்டர் என்ற ஒரே வகைக்குள் பூக்கல், பார்டர், மூலை மூன்றுக்கும் பொதுவாக ஓர் அளவை வைத்தால், வேறு வேறு அளவு கலப்பதற்கு இடமே இல்லை. அதுவே போதும் என்று அந்த ஏற்பாட்டைக் கழற்றிவிட்டேன்.

பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வைத்திருக்கிறேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீரில் ஊறும் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊறி முடியாத கல்லை வண்டியில் ஏற்றுவது பட்டறையில் பெருங்குற்றம். வார்த்த_கல், ஊறிய_கல் என்று இரண்டு வகைகள். வண்டியில் ஏற்றும் செயற்கூறு ஊறிய_கல்லை மட்டுமே வாங்கும். தொட்டியில் இறக்கிய நாளையும் எடுத்த நாளையும் கொடுத்து, இடைவெளி பட்டறையின் விதிக்குக் குறையாமல் இருந்தால்தான் வார்த்த_கல் ஊறிய_கல்லாக மாறும். மாறும்போது பழையதை மொழியே பறித்துக்கொள்கிறது. ஒரே கல் இரண்டு கணக்கிலும் இருக்க முடியாது. ஊறாத கல்லை ஏற்றச் சொல்லும் நிரல் கம்பைல் ஆகக் கூடாது என்பதையே ஒரு சோதனையாக எழுதி வைத்திருக்கிறேன். ரஸ்ட்டின் ஆவண எடுத்துக்காட்டுகளில் "இது கம்பைல் ஆகக் கூடாது" என்று குறிக்க வசதி உண்டு. யாராவது பின்னாளில் அந்த வாசலைத் திறந்துவிட்டால் சோதனை தோற்கும்.

தரவுத்தளத்தின் காவல்

நிரலில் எவ்வளவு கட்டினாலும், தரவுத்தளத்தை நேராகத் திறந்து யாரும் எதையும் எழுதலாம். தரவுத்தளம் எஸ்க்யூலைட் (SQLite). அதிலும் காவல் வேண்டும் என்று எண்ணிக்கை பூச்சியத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அட்டவணையில் எழுதினேன். எழுதிவிட்டுச் சோதித்தபோது "நானூறு" என்ற எழுத்துகளை அந்த நெடுவரிசை வாங்கிக்கொண்டது. காரணம் இரண்டு. எஸ்க்யூலைட்டில் நெடுவரிசைக்கு எழுதும் வகை ஒரு விருப்பம்தான், கட்டளை அல்ல. எண்ணாக மாற்ற முடியாத எழுத்தை எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். மேலும் அதன் ஒப்பீட்டு விதிப்படி எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியது. ஆகவே "நானூறு" பூச்சியத்துக்கு மேல் என்பது அதற்கு உண்மை. மதிப்பே இல்லாத வெற்றிடமும் நிபந்தனையைத் தாண்டிவிடும். விடை தெரியாத நிபந்தனையை அது மீறலாகக் கொள்வதில்லை. 2021 நவம்பரில் வந்த 3.37 பதிப்பிலிருந்து, வகையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் அட்டவணைகளை எழுதலாம். அப்படி மாற்றி, வெற்றிடம் கூடாது என்பதையும் சேர்த்த பிறகுதான் நிபந்தனை நான் நினைத்த பொருளில் வேலை செய்தது.

பழைய கோப்பில் இருந்த ஆர்டர்களைக் கொண்டுவருவது கடைசி வேலை. அவற்றை ஆர்டர் என்ற வகைக்குள் திணிக்க முயலவில்லை. பழைய_வரி என்று ஒரு வகை. அதற்குள் இருப்பவை எல்லாம் சோதிக்கப்படாத எழுத்துகள். அதிலிருந்து ஆர்டராக மாற்றும் செயற்கூறு ஒன்று. முதல் பிழையிலேயே நிற்காமல், வரியில் உள்ள எல்லாப் பிழைகளையும் திரட்டிச் சொல்லும்படி அதை அமைத்திருக்கிறேன். பிழை பார்ப்பவர் ஒரே வரிக்கு நான்கு முறை வர வேண்டியதில்லை. மாறியவை புதிய அட்டவணைக்குப் போய்விட்டன. மாறாதவை ஒரு பட்டியலாக நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை புள்ளி வைத்த அளவுகள். 12.6 என்று இருப்பதைக் கணக்குப்பிள்ளை ஐயா பார்த்து, அந்த வீட்டின் பெயரைப் படித்து, பழைய சீட்டுக் கட்டிலிருந்து கொத்தனாரின் கையெழுத்தை எடுத்து, அடி எது அங்குலம் எது என்று சொல்கிறார். நான் இரண்டு கட்டங்களிலும் நிரப்புகிறேன். சீட்டு கிடைக்காத வரிகளைப் பழைய_வரியாகவே விட்டுவைத்திருக்கிறோம். அவற்றுக்கு ரசீது எழுத நிரல் இடம் தராது.